பச்சைக் கூம்பு மணிக்கூண்டு

சிங்தாவ் நகரத்தில் பிரேமாவுக்கு அது கடைசி ஞாயிற்றுக்கிழமை. வில்லியனூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை அவளுக்கு. புது மிஷினைப் பழகி வரச் சொல்லிப் பத்து நாள் சீனாவுக்கு அனுப்பியிருந்தார்கள். கூட வந்த அன்புராஜ் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டான்.

"நீ போப்பா. நான் அந்த மணிக்கூண்டு சர்ச்சப் பாத்துட்டு வரேன்."

தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்த சர்ச் அது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன்காரர்கள் மேட்டில் கட்டியது. மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு, பச்சைக் கூம்பு. அவளை இழுத்தது அதன் கடிகாரம்தான். அவள் போன் காட்டிய நேரத்திலிருந்து அது ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

வாசலில் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, வேண்டாமென்று கையாட்டினாள். லின் என்று பெயர் சொன்னாள், நாற்பது வயதிருக்கும். பிரேமா போனில் தமிழில் பேச, அது சீனத்தில் சொன்னது.

"கடிகாரத்த யாரு பாத்துக்கறாங்க?"

லின் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

குறுகலான படியில் இருவரும் ஏறினார்கள். மேலே ஆளுயரத்துக்குப் பல்சக்கரங்கள், ஒன்றையொன்று கடித்து நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "கரண்ட்டே இல்லயா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள் பிரேமா. இல்லை, கையால்தான் சாவி கொடுப்பதாம். லின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டியபோது, பிரேமா காதைத் தீட்டினாள். எங்கேயோ ஒரு வறண்ட கிறீச்.

"இங்க. எண்ணெ கேக்குது."

லின் குனிந்து காது கொடுத்தாள். கண்களை அகல விரித்தாள். எண்ணெய்க் குப்பியை எடுத்து, தானே விடாமல், பிரேமாவிடம் நீட்டினாள். பிரேமா நாலு சொட்டு விட்டாள். கைப்பிடி வழுக்கிக்கொண்டு சுற்றியது.

பத்து மணி அடித்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் நின்றது. ஓய்ந்ததும் கீழே பாட்டு ஆரம்பித்தது. நூறு குரல்களாவது இருக்கும்.

இறங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. கண் மட்டும் கலங்கியது. வெளியே வந்து, ஊரில் குருவிநத்தத்துக் கரும்புக் கொல்லையில் நின்ற புருஷன் தங்கவேலுக்குப் போன் போட்டு, சர்ச்சுக்கு வந்ததைச் சொன்னாள்.

"இன்னா, சாமி கும்புட்டியா?"

"கும்புட்டேங்க. அதோட கடியாரத்துக்கு எண்ணெ வுட்டேன்."

"சீனாக்காரன் கடியாரத்துக்கா?"

"ஆமா. அத ஒரு பொம்பளதான் ஓட்டறா. ஒரு நிமிசம் தப்பல தெரியுமா!" என்றாள் பிரேமா, தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்வதுபோல.