மணவாளனுக்கு ஒரு மணி நேரம்

திருநின்றவூரை விட்டுக் கிளம்பிய மின்சார ரயில், ஏரி ஓரம் வந்ததும் மெல்ல மூச்சடங்கி நின்றது. தொண்ணூற்று நாலாம் வருஷத்து மார்கழிப் பனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கரண்ட் கம்பி அறுந்துகீது மாமே, ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

தாட்சாயிணி மறுபடி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள் மேனேஜராகி எட்டு மாதம். கீழே நான்கு பேர் இருந்தும் எந்தப் புரோகிராம் படுத்தாலும் அவளே உட்கார்ந்துவிடுவாள். சரக்குக் கணக்குப் போடும் ஸ்டோர்ஸ் புரோகிராம் நேற்றிலிருந்து ஓடவில்லை.

"மேடம்" என்று எதிர் ஜன்னலிலிருந்து ஒரு குரல். அவள் பிரிவில் வேலை பார்க்கும் மணவாளன்.

"நீயும் இந்த ரயிலா?"

"மூணு வருஷமா, மேடம்."

அவளுக்கு முகம் சுட்டது. வெளியே வெயில் பனியில் பால்போலக் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது விட்டாளோ, அவளுக்கே நினைவில்லை.

"ரெண்டு வாரமா உங்ககிட்ட பேச வந்துக்கிட்டிருந்தேன். அப்புறம்னு சொல்லிட்டீங்க. வேலைய விடப்போறேன் மேடம்."

"வேற எடம் கெடச்சிடுச்சா?"

"இல்ல. கஷ்டமானது எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிறீங்க. நாங்க பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டிக்கிட்டிருக்கோம்."

அவள் ஜன்னலை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "ஸ்டோர்ஸ் புரோகிராம் எங்க நிக்குதுன்னு தெரியுமா?"

"நேத்தே தெரியும். நீங்க கேக்கல."

ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஸ்டோர்ஸிலிருந்து போனில் கத்தினார்கள். "மணவாளன் பாக்கறாரு" என்று சொல்லித் தாட்சாயிணி போனை வைத்துவிட்டாள்.

எங்கே நிற்கிறது என்று தெரிந்தபின் அவளுக்கு அது அரைமணி வேலை. இரண்டு தடவை கால்கள் தாமாக அவன் மேஜைப் பக்கம் போயின. இரண்டு தடவையும் திரும்பிவந்து, அதே பிரிவில் வேலை பார்க்கும் நாகம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். அன்றுதான் நாகம்மா தயங்கித் தயங்கி ஒரு நோட்டைக் காட்டினாள். லாரியில் சரக்கேற்றும் வரிசைக்கு அவளே எழுதிப் பார்த்த புரோகிராம். பக்கம் பக்கமாக, பென்சிலில்.

"ஏன் சொல்லல?"

"நீங்க எப்பவும் மிஷின் முன்னாடியே இருந்தீங்க மேடம்."

மூன்று மணிக்கு மணவாளன் தலையைத் தூக்கி, "ஓடுது" என்றான்.

அவன் வேலையை விடவில்லை. மறுநாளிலிருந்து காலை முதல் ஒரு மணி நேரம் தாட்சாயிணி கீபோர்டைத் தொடுவதில்லை. தினம் ஒருவர் எதிரே உட்கார்வார்; அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.