ஸ்க்ரூ இல்லாத மூடி

ஒரகடத்தில் கார் ஏசிக்கு விசிறி செய்யும் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டிசைன் பிரிவில் உட்கார்ந்து வரைகிறவர்கள் சனிக்கிழமைதோறும் விசிறியைப் பூட்டுகிற லைனுக்கு இறங்கி, தாங்கள் வரைந்ததைத் தாங்களே கையால் மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எது வீண் என்று புத்திக்கு எட்டுமாம். மெய்தான். குளுகுளு அறையில் வரையும்போது ஸ்க்ரூ என்பது ஒரு சின்ன வட்டம், அவ்வளவே.

இசக்கிதுரை நாங்குநேரிப் பக்கத்துப் பையன், மெக்கானிக்கல் டிப்ளமோ. 2011-ல் இன்னும் டிரெய்னிதான். அடுத்த ஏப்ரலில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவனை சசிகலாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். சேரப்பணஞ்சேரிப் பெண், காண்ட்ராக்ட் ஆள். விசிறியின் பிளாஸ்டிக் மூடியை எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குவது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே. லைனில் வளையல் போடக் கூடாது என்பதால் கை வெறுமையாக இருக்கும். வலது மணிக்கட்டு மட்டும் வீங்கி, கைக்குட்டை கட்டியிருந்தாள்.

கை இந்த வலி வலிக்கிறதே, எட்டு ஸ்க்ரூ வைத்த புண்ணியவான் யார் என்று அவள் கேட்டாள். தான்தான் என்று இவன் அசடு வழிய ஒப்புக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள். பயல் அங்கேயே விழுந்தான்.

அதன்பிறகு மற்றவர்கள் சாக்குச் சொல்லித் தப்பிக்கிற சனிக்கிழமைக்கு இவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்பா நாகப்பன், அவளுக்கென்று மாமன் மகனைத் தயாராக வைத்திருந்தார். தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை கல்யாணப் பேச்சே கூடாது என்று அவரிடம் சண்டை போட்டு வாக்கு வாங்கியிருந்தாள். இவன் நிரந்தரமானதும் பெற்றோரோடு போய்ப் பெண் கேட்பதாக ஏற்பாடு. அதுவரை அந்த எட்டு ஸ்க்ரூதான் அவளுக்குக் காவல்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீங்கின கை அவனைப் பிடுங்கித் தின்றது. மாய்ந்து மாய்ந்து வரைந்து, மூடியிலேயே கொக்கிகள் வருகிற மாதிரி மாற்றினான். அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஸ்க்ரூவே வேண்டாம். மேனேஜர் அந்தோணிராஜுக்கு மகா சந்தோஷம். சாமான் மிச்சம், நேரம் மிச்சம், ஒரு ஆளும் மிச்சம் என்றார். ஆள் மிச்சம் என்றால் அவளை டெஸ்டிங் மேசைக்கு மாற்றுவார்கள் என்று இசக்கிதுரை தானாகவே நினைத்துக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன படிப்பு படித்தானோ.

முதல் மூடி வந்ததும் அவளிடம்தான் கொடுத்தான். அழுத்தினாள். ‘டக்.’ கழற்றி மறுபடி அழுத்தினாள்.

“எனக்கோசரமா செஞ்ச?” என்றாள். அவன் தலையாட்டினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களுக்கு அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அடுத்த வாரமே, மோட்டார் பொருத்துகிற பெண் அப்படியே மூடியையும் ஒரு அழுத்து அழுத்தி அனுப்பத் தொடங்கினாள். சசிகலாவிடம் காண்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இசக்கிதுரை ஓடிப்போய் மேனேஜரிடம் கெஞ்சினான். அவர் கெட்டவரில்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் தன் கையில் இல்லை என்றார்.

அன்றைக்கே சேரப்பணஞ்சேரிக்குப் போ என்று அறைத்தோழர்கள் சொன்னார்கள். அவனோ, நிரந்தர ஆர்டர் கையில் வரட்டும், வெறுங்கையோடு போய் நின்றால் யார் மதிப்பார்கள் என்றான். லைன் சுவரில் ஏழு வகை விரயங்களைப் பட்டியலிட்ட பலகை தொங்கியது. காத்திருப்பதும் அதில் ஒன்று. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தான்.

ஏப்ரலில் ஆர்டர் வந்தது. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, சேரப்பணஞ்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாகப்பன் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“வேலை கீது, வேலை கீதுன்னு அது சொல்லிக்கினு இருந்த வரைக்கும் நானும் சும்மா இருந்தேன் தம்பி. வேல பூட்ச்சி. போன வாரம்தான் தட்டு மாத்தினோம்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மல்லுக்கட்டியாவது பார்த்திருப்பான்.

பெற்றோரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, தெருக்குழாயடியில் குடத்தோடு அவள் நின்றாள். இவன் கிட்டே போனான்.

“ஒன் கை வலிக்கேன்னுதான் செஞ்சேன் சசி.”

“வலிக்குதுன்னுதான் சொன்னேன்” என்றாள். “வேணான்னா சொன்னேன்?”

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல்கள். வலது மணிக்கட்டில் வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது.