அப்போ லைனைக் கட் பண்ணிடுங்க

பழைய சோபா, பழைய கட்டில், பழைய அலமாரி என்று வாங்கி விற்பவர் என்பதால் அந்தத் தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்றே பெயர். பேரம் பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாங்கப் போனாலும் சரி, விற்க உட்கார்ந்தாலும் சரி, அவருடைய வித்தை ஒன்றேதான். விலை படியவில்லையா, "அப்போ வேணாம், விடுங்க" என்று எழுந்துவிடுவார். திரும்பிப் பார்க்காமல் நடப்பார். எதிராளி தானாகவே பின்னால் கூப்பிடுவார். இத்தனை காலமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் ஒரு மெசேஜ். அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் உயர்கிறதாம், சம்மதம் இல்லாதவர்கள் அபராதம் கட்டாமல் விலகிக்கொள்ளலாமாம். பேசி முடித்த விலையை நடுவில் ஏற்றுவதென்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். அட்வான்ஸ் வாங்கிய கட்டிலுக்கு, கொண்டுபோய் இறக்குகிற அன்று அதிக விலை கேட்டால் எந்த வாடிக்கையாளர் சும்மா இருப்பார்? கடையில் விற்காமல் கிடந்த ஒரு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசினார்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரே ரேட்டுன்னு சொல்லித்தானேம்மா தலையில கட்டினீங்க? இப்போ ஏத்தினா என்ன நியாயம்?"

"கட்டணம் மாறலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு சார்," என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல். கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பழைய ரேட்டுக்குக் குடுத்தா குடுங்க. இல்லையா, அப்போ லைனைக் கட் பண்ணிடுங்க."

"கட் பண்ணிடலாமா சார்?"

"பண்ணுங்க."

"பதிவு பண்ணிட்டேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அந்தப் பெண் இறங்கிவர வேண்டிய இடம் இது. ஆனால் எழுந்து நடந்தவன் திரும்பிப் பார்த்தால் அத்தோடு பேரம் போச்சு. "ஒண்ணும் வேணாம்," என்று வைத்துவிட்டார்.

கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கடன் வேண்டுமா என்று கூப்பிட்டார்கள், கார் இன்ஷூரன்ஸ் எடுக்கிறீர்களா என்று கூப்பிட்டார்கள். அவரிடம் காரே கிடையாது. இன்டர்நெட் கம்பெனி மட்டும் கூப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவர் பாய்ந்து எடுப்பதைப் பார்த்து மனைவி, "யாருங்க அது, உங்களை இப்படி ஓட வைக்கிறது?" என்று கேலி செய்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

அந்த இணைப்பை நம்பித்தான் அவளுடைய வேலையே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. இடுப்பில் ஆபரேஷன் ஆகி, படி ஏறவோ இறங்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே ஆபீசுக்கு நடையாய் நடந்து, டாக்டர் சீட்டைக் காட்டி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அதைக் கொடுக்கும்போதே மேலாளர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "லைன் போச்சு, கரண்ட் போச்சுன்னு சாக்கு வந்தா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றும் சொல்லிவைத்தார்.

லைன் செவ்வாய்க்கிழமை போயிற்று. யாரோ ஒரு நோயாளி தன் முதுகுவலியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது.

மனைவி போன் செய்ததும் சோபாக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஓடினார். மாடிப்படியில் நின்றுகொண்டு கம்பெனியைக் கூப்பிட்டார். இந்தத் தடவை கால்மேல் கால் இல்லை.

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்மா. யாராவது அதைப் போய் நிஜமா எடுத்துப்பாங்களா?"

நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திரும்பக் கொடுப்பதென்றால் புது இணைப்புதான், புது விலைதான். ஆள் வந்து மாட்ட பத்து நாளாவது ஆகும். வேறு கம்பெனிகளிலும் அதே வரிசை. செல்போன் இணையத்தில் சமாளிக்கலாமென்றால், நோயாளிகளின் விவரம் இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைத் தடுத்துவைத்திருந்தார்கள். ஏறின கட்டணத்தைவிடக் கூடுதலான கட்டணத்துக்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போனார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கம்பெனிக்காரன்தான் ஏதோ சொதப்பிட்டான். பத்து நாள் ஆகுமாம்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மேலாளர் ஒரே வார்த்தையில் முடித்தார். நாளையிலிருந்து ஆபீசுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வர வேண்டாம். அன்றெல்லாம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனியைக் கண்டபடி திட்டினார். எவ்வளவு உரக்கத் திட்டினாரோ அவ்வளவு பயமாக இருந்தது.

மறுநாள் காலை மைத்துனன் வேனோடு வந்தான். மனைவியின் தம்பி, கடைச் சாமான்களை ஏற்றி இறக்குகிறவனும் அவன்தான். அலமாரி இறக்குவது போலவே இறக்கலாம் என்று சோபாக்காரர் முடிவு செய்திருந்தார். கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இடுப்பில் படாமல் பட்டையால் கட்டினார். மைத்துனன் மேலே முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். இவர் கீழே முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினார். எத்தனையோ வருஷமாகச் செய்யும் வேலைதான். ஆனால் அலமாரிக்கு வலிக்காது. இவள் ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்தாள்.

"அந்தக் கம்பெனி மேல கேஸ் போடணும்க்கா," என்றான் மைத்துனன் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆபரேஷன் பண்ணின ஆளுன்னுகூடப் பார்க்காம! மாமா, எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு, இன்னைக்கே பேசுறேன்."

"போடுடா," என்றாள் அவள். "விடக் கூடாது அவங்களை."

சோபாக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

"கேஸ் எல்லாம் வேணாம்," என்றார்.

"ஏன்?"

"நான்தான் கட் பண்ணச் சொன்னேன்."

நாற்காலி இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரேட்டைக் குறைக்கத்தான் அப்படிப் பேசினேன், கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன், சொன்னா நீ என்ன நினைப்பியோன்னு பயம். சொல்லச் சொல்ல நாற்காலியின் கால்கள் கையில் வழுக்கின.

"பயமா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ராத்திரி முழுக்க நான் முழிச்சுக்கிட்டுக் கிடந்தேனே, வேலை போயிடுமோ போயிடுமோன்னு. பக்கத்துல உக்காந்து என்கூடச் சேர்ந்து அவங்களைத் திட்டினீங்களே."

"தப்புதான்."

"லைனைக் கட் பண்ணினது பேரம். சரி, அது உங்க தொழில் புத்தி. இது?"

மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

"இறக்குங்க," என்றாள். "நேரமாச்சு. படியைப் பார்த்து வைங்க."

அவர் தம் வாழ்நாளில் எந்தச் சாமானையும் அவ்வளவு பயந்து இறக்கியதில்லை. தெருவுக்கு வந்து, பட்டையை அவிழ்த்து, அவளைத் தாங்கி வேனின் முன்சீட்டில் உட்கார வைத்தார். கால் வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று தலையசைத்தாள்.

பிறகு தம்பி பக்கம் திரும்பி, "சாயங்காலம் என்னை மேல தூக்கிட்டுப் போக உன்கூட வேற யாரையாவது கூட்டிட்டு வாடா," என்றாள்.

மைத்துனன் சாவியைத் திருகாமல் மாமாவைப் பார்த்தான்.

"மாமாவைப் பார்க்காத," என்றாள் அவள். "வண்டியை எடு."