வனஜாவின் கட்டை விரல்

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம். இந்தப் பழமொழியை முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஏதோ ஒரு வீட்டின் மூத்த மருமகளாகத்தான் இருந்திருப்பாள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பிச்சையம்மாள் வீட்டுக்கு மூத்த மருமகள் லீலா. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டு முன்னறை சாக்லேட் கடை ஆனது. சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றக் கற்றுக்கொண்டதும், சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவனைக் கையில் பொட்டலத்தோடு அனுப்பி வைத்ததும் அவள்தான். கடை ஒரு நிலைக்கு வந்த சமயத்தில் கொழுந்தன் ஜெயமுருகனுக்கு மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பெண் எடுத்தார்கள். ஜோதிமணி வந்தாள். அன்றோடு லீலாவின் தூக்கம் போனது.

ஜோதிமணி அப்படி என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால் லீலாவால் ஒன்றும் சொல்ல முடியாது. அதுவே அவளுக்குப் பெரிய எரிச்சல். மேட்டுக் காட்டில் ஏறி இறங்கியே வளர்ந்த உடம்பு ஜோதிமணிக்கு. சமதரையிலும் இடுப்பில் ஒரு கையை வைத்து, முன்னால் குனிந்து, மலை ஏறுகிற மாதிரியே நடப்பாள். பூண்டு சொத்தையா இல்லையா என்று கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துப் பழகியவள், கண்ணில் படுகிற எதையும் அமுக்கிப் பார்ப்பாள். ரொட்டி, தலையணை, சோபா, அழுகிற குழந்தையின் கன்னம் எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. எது நடந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான். “கெடக்கு விடுங்க.” பால் பொங்கினாலும் கெடக்கு விடுங்க, கடையில் கணக்கு இடித்தாலும் கெடக்கு விடுங்க. லீலா குத்திப் பேசினாலும் அதே கெடக்கு விடுங்கதான். குத்தியது உள்ளே இறங்கவே இறங்காது.

இந்தக் கோமாளித்தனத்துக்கு ஊரே மயங்கியது. “ஏத்தா ஜோதி” என்று பிச்சையம்மாள் கூப்பிடும்போது குரலில் வெல்லம் கரையும். “லீலா” என்று கூப்பிட்டால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் வந்த டூரிஸ்ட்காரர்கள் இந்த வருடமும் வந்து, “அமுக்கிப் பார்த்துக் கொடுப்பாங்களே, அவங்க இல்லையா?” என்று லீலாவிடமே கேட்டார்கள். லீலா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

லீலாவுக்கென்று ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அவளுக்கு நடிக்க வரும். சின்ன வயதில் ‘பன்னீர் காலனி’ என்ற சிரிப்புத் தொடர் டிவியில் வந்தது. அதில் ஊர் வம்பெல்லாம் அளக்கிற பக்கத்து வீட்டு வனஜா என்றால் லீலாவுக்கு உயிர். அத்தனை வசனமும் மனப்பாடம். கல்யாண வீடுகளில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, “லீலா, வனஜா மாதிரி பண்ணு” என்று கேட்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எல்லோர் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும்.

அந்தப் ‘பன்னீர் காலனி’யை இப்போது திரும்ப எடுக்கிறார்களாம். கொடைக்கானலில் நடக்கிற கதையாக மாற்றி, போனில் பார்க்கிற தொடராக. உள்ளூர் ஆட்கள்தான் வேண்டுமாம், செண்பகனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிஷன் என்று வாட்ஸப்பில் வந்தது. இந்த வனஜா மட்டும் கிடைத்துவிட்டால் போதும், வேறு எதையும் இந்த வீட்டில் கேட்கமாட்டேன் என்று லீலா வடக்கே பார்த்துப் பழனியாண்டவனிடம் பேரம் பேசினாள்.

கிளம்புகிற அன்று நல்ல மழை. பிச்சையம்மாள் சொன்னாள்: “தனியாப் போகாத. ஜோதியக் கூட்டிட்டுப் போ. அவ இருந்தா பேச்சுத்தொணைக்கு ஆச்சு.”

“அவளுக்கு அங்க என்ன சோலி?” என்றாள் லீலா.

“கெடக்கு விடுங்கக்கா, நான் ஒரு ஓரமா உக்காந்திருக்கேன். பிளாஸ்குல காப்பி ஊத்திட்டேன். வெரசா வாங்க, பஸ்ஸு போயிரும்” என்று ஜோதிமணி ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

மண்டபத்துத் தாழ்வாரம் முழுக்க வனஜாக்கள். எல்லோர் இடுப்பிலும் சாவிக்கொத்து, எல்லோர் மூக்கு நுனியிலும் கண்ணாடி, பழைய வனஜாவைப் போலவே. லீலாவும் அப்படித்தான் போயிருந்தாள். சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்கு வந்து, அந்த வீட்டையே எடைபோட வேண்டும். அதுதான் காட்சி. லீலா ஒரு எழுத்துப் பிசகாமல் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த டைரக்டர் சௌம்யா பேனாவை மூடினாள். “எல்லாமே ரொம்ப கரெக்டா இருக்குங்க. அதான் பிரச்சினையே. காலைலேருந்து இதே வனஜாவைத்தான் பார்த்துட்டிருக்கேன். உங்களுக்கு வரும்னு தோணுது. ஆனா உங்க ஊர்ல, உங்க தெருவில ஒரு வனஜா இருப்பா இல்ல, அவளைக் கூட்டிட்டு வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு திரும்ப வந்து பண்ணுங்க.”

லீலா வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஒரே சிரிப்பு. நடுவில் ஜோதிமணி. முன்பின் தெரியாத ஒருத்தியின் கையிலிருந்த பன்னை அமுக்கிப் பார்த்து, “இது நேத்து பன்னுங்க. திங்காதீங்க, வயித்துல போயி கல்லாக் கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்த படக்குழு ஆள் ஒருவன் நின்று பார்த்தான். “இவங்களும் ஆடிஷனா?”

லீலாவுக்கு உயிரே போய்விட்டது. “இல்லைங்க, இல்லைங்க. என்கூடச் சும்மா வந்தவ” என்று குறுக்கே வந்து விழுந்தாள்.

“எனக்கெதுக்குங்க அந்தச் சோலி? எங்கக்காதான் நடிப்பாக” என்றாள் ஜோதிமணி. அவன் போய்விட்டான். ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அது போதாதா? இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று லீலாவின் வயிறு எரிந்தது. அவள் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பாள், கேட்காமலே வந்து மடியில் விழும், ‘கெடக்கு விடுங்க’ என்று வாங்கிக்கொள்வாள்.

மறுபடி கூப்பிட்டார்கள். லீலா சாவிக்கொத்தை அவிழ்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள். அந்த நேரத்தில் அவள் நடிக்க நினைக்கவில்லை. ஜோதிமணி எவ்வளவு பெரிய கேலிக்கூத்து என்று யாருக்காவது காட்டவேண்டும், அவ்வளவுதான். இடுப்பில் ஒரு கையை வைத்தாள். முன்னால் குனிந்து, வழவழப்பான மண்டபத் தரையில் மலை ஏறினாள். சர்க்கரை கேட்க வந்தவள் சோபாவை அமுக்கினாள், மெத்தையை அமுக்கினாள், வீட்டுக்காரியாக எதிரில் நின்ற பையனின் தோளை அமுக்கி, “ஒரு பக்கம் சொத்தையால்ல இருக்கு!” என்றாள். எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றும் நினைவில் இல்லை. “சக்கர இல்லையா? கெடக்கு விடுங்க” என்று சொல்லி, சர்க்கரையை டப்பாவோடு தூக்கிக்கொண்டு நடந்தாள். விளக்குப் பிடித்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வெளிச்சம் ஆடியது. சௌம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவதான். இவதான் எங்க வனஜா.”

லீலா பெருமையோடு திரும்பினாள். கதவருகே பிளாஸ்கோடு ஜோதிமணி நின்றிருந்தாள். அவளும் எல்லோரோடும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

இருவரும் பஸ் ஏறினார்கள். நாயுடுபுரம் நெருங்கும்போது ஜோதிமணி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். “அக்கா, நான் அப்படியா நடக்குறேன்?”

“சீ, அது சும்மா நடிப்புக்கு. கொஞ்சம் கூட்டித்தானே பண்ணணும்.”

“இல்லக்கா, சரியாத்தான் பண்ணீங்க. எனக்குத்தான் இத்தன நாளாத் தெரியல.”

கெடக்கு விடுங்க என்று அவள் சொல்லாததை அன்றைக்கு லீலா கவனிக்கவில்லை. கால் தரையில் பாவாத அளவுக்குச் சந்தோஷத்தில் இருந்தாள்.

முதல் நான்கு பாகங்கள் வெளிவந்தன. ஊரே வனஜாவைப் பற்றிப் பேசியது. ஆனால் பேசிய விதத்தைக் கேட்டால் லீலாவுக்கு மறுபடியும் எரிந்தது. “அப்படியே உங்க ஜோதிமணிதான் போங்க!” என்றார்கள் தெருக்காரர்கள். கடைக்கு வந்தவர்கள் லீலாவோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, “இவங்களைப் பார்த்துத்தான் பண்ணீங்களாமே?” என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மழையில் நனைந்து போய் வாங்கி வந்த பெயரில்கூடப் பாதி அவளுக்கா? நடித்தது நான், கைதட்டு அவளுக்கா? லீலா கணவன் சண்முகராஜிடம் பொரிந்தாள். அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே, “நடையக் குடுத்தது அதுதானே?” என்றான். அன்று அவனுக்கு இரவுச் சாப்பாட்டில் குழம்பு ஊற்றப்படவில்லை.

இதற்கிடையே ஜோதிமணி மாறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொள்வாள். கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே நிமிர்ந்து, எண்ணி எண்ணிக் கால் வைத்தாள். வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நின்று யோசித்தாள். லீலாவுக்கு முதலில் அது குளுகுளுவென்று இருந்தது. அப்பாடா, வீடு அமைதியானது என்று நினைத்தாள்.

இரண்டாம் கட்டப் படப்பிடிப்பில் சௌம்யா மானிட்டரைப் பார்த்து முகம் சுளித்தாள். “லீலா, இந்தத் தடவை ஏதோ குறையுது. நடையில உயிர் இல்ல. விரலும் ஏதோ பட்டனை அழுத்தற மாதிரி இருக்கு. போய் அந்தப் பொம்பளையை இன்னொரு தடவை நல்லாப் பார்த்துட்டு வாங்க.”

பார்த்துவிட்டு வரலாம் என்று லீலா வீட்டுக்கு வந்தாள். பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. மேல்மலையிலிருந்து ஜோதிமணியின் அப்பா அனுப்பிய பூண்டு மூட்டை அவிழ்க்காமல் இருந்தது. அதை இழுத்து அவள் முன் வைத்தாள். “ஜோதி, சொத்தை இருக்கான்னு பாரேன்.”

“நீங்களே பாருங்கக்கா. உங்களுக்குத்தான் வருதே.”

லீலா ஒரு பூண்டை எடுத்து அமுக்கினாள். இன்னொன்றை அமுக்கினாள். எது நல்லது, எது சொத்தை என்று அவள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூண்டை வைத்துவிட்டு, எழும்போது கை தவறியதுபோல ஒரு கண்ணாடி ஜாடியைத் தட்டிவிட்டாள். நல்ல ஜாடி, சாக்லேட்டோடு சுக்குநூறானது. லீலா காத்திருந்தாள். இப்போது ‘கெடக்கு விடுங்க’ என்று சொல்லுவாள், இதற்குக்கூடவா சொல்லமாட்டாள் என்று அவள் வாயையே பார்த்தாள். ஜோதிமணி விளக்குமாற்றை எடுத்துவந்து கூட்டினாள். அதுவரை வயிற்றில் இருந்த எரிச்சல் போய், லீலாவுக்குப் பயம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மதுரைக்காரக் குடும்பம் ஒன்று கடைக்குள் நுழைந்தது. “இவங்கதான் ஒரிஜினல் வனஜா!” என்று ஒரு பெண் ஜோதிமணியைக் காட்டிக் கத்தினாள். “அக்கா, ஒரு தடவ அமுக்கிக் காட்டுங்க, வீடியோ எடுத்துக்கிறோம்!” ஜோதிமணி விளக்குமாற்றோடு சுவரை ஒட்டி நின்றாள்.

லீலா குறுக்கே போய் நின்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் கைவைத்து, முன்னால் குனிந்து, கடைக்குள் மலை ஏறினாள். அந்தப் பெண்ணின் கைப்பையை அமுக்கினாள், அவள் புருஷனின் தொப்பையை அமுக்கினாள். “காசு இல்லையா? கெடக்கு விடுங்க!” அன்றைக்குக் காமிரா முன்னால் வராத உயிர் அங்கே எப்படியோ வந்துவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை ஓய்ந்தது. லீலா மூச்சு வாங்கியபடி திரும்பினாள். “ஜோதி, நான் வேணா இந்தத் தொடர விட்டுடறேன். நீ பழையபடி…”

“எதுக்குக்கா விடணும்? நல்லா இருக்கு.” ஜோதிமணி தன் கட்டை விரலை ஒரு தடவை பார்த்தாள், பிறகு லீலாவின் விரலைப் பார்த்தாள். “நானும் கதவச் சாத்திக்கிட்டு நடந்து பாத்தேன்க்கா. எனக்கு இவ்ளோ நல்லா வரல.”

சொல்லிவிட்டு லீலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை லீலாவுக்கு நன்றாகத் தெரியும். ஜோதிமணி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் லீலா தன் முகத்தில் பார்த்துவந்த பார்வை அது.