நண்டு வளை

ஹமீது பாய் வரப்பில் குந்தி, வயல் தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். கரித்தது. துப்பிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் அள்ளினார். அதுவும் கரித்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பின்னே இருக்காதா? கேளம்பாக்கம் கடைத்தெருவில் ஒரு வாரமாக இதே பேச்சு. பாய் தன் கடையில் கொடுத்த பூச்சித்தூளைப் போட்டுத்தான் எல்லம்மாளின் குத்தகை வயலில் நெல் கருகிப்போனதாம். அவருக்குச் சோறே இறங்கவில்லை. அதே மூட்டைத் தூளைப் போட்ட ஏசுபாதத்தின் மேட்டு வயல் பச்சென்று நிற்கிறதே, அது எப்படி? இங்கே எல்லம்மாளின் வயலிலும் கருகல் பரவலாக இல்லை. உப்பங்கழி ஓரத்து வரப்பில் ஆரம்பித்து உள்ளே போகப் போகக் குறைந்தது. வரப்படியில் கை நுழையும் அளவுக்கு நண்டு வளைகள். மழை குறைந்த வருஷம். அமாவாசைக்குக் கழி ஏறியபோது உப்புத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எல்லம்மாளோடு நிலத்துக்காரர் ராமதாஸும் வந்திருந்தார். பாய் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, அவரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எல்லம்மாள் பக்கம் திரும்பி, வளை அடைக்கக்கூடத் துப்பில்லாதவளுக்குக் குத்தகை எதற்கு, தையோடு நிலத்தை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

எல்லம்மாள் குனிந்து கருகிய பயிர் ஒன்றைப் பிடுங்கினாள். பாய்க்குத்தான் பொறுக்கவில்லை. வருஷா வருஷம் விடிந்ததும் வரப்பைச் சுற்றி வந்து, ஒரு வளை விடாமல் களிமண் திணிக்கிறவள் ஆயிற்றே இவள்.

"இந்த வருசம் இன்னாத்துக்கு அடைக்காம வுட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"நீதான பாய் சொன்ன? தூளு வெசம், அமாவாச போற வரிக்கும் வரப்புல காலு வெக்காத, புள்ளகுட்டிக்காரின்னு. உன் பேச்ச நம்பி வூட்லயே குந்திகினு இருந்தேன்."

மூட்டை கொண்டுவந்த ஏஜென்ட் இரண்டு நாள் என்றுதான் சொன்னான். எதற்கும் இருக்கட்டும் என்று அமாவாசை வரை நீட்டியது பாய்தான். நல்ல மனசோடுதான் நீட்டினார். தூள் பயிரைக் கொல்லவில்லை, சரி. ஆனால் தூள் இல்லாவிட்டால் அவள் வரப்புக்கு வந்திருப்பாளே. இப்போது வாயைத் திறந்தால் கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான். திறக்காவிட்டால் இவளுக்கு நிலம் இல்லை.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டுவிட்டார்.

ராமதாஸ் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். பாய் எச்சிலை விழுங்கினார். இன்னும் கரித்தது.