கர்னலின் பாட்டில்

அந்த ராணுவ முகாமில் மூத்திரத்துக்குப் பதவி உண்டு. சிப்பாய் போன பாட்டில் தரையில் நிற்கும். நாயக் போனது பெஞ்சில். சுபேதார் போனதற்கு ஸ்டூல். மேஜருடைய பாட்டில் மெத்தை போட்ட நாற்காலியில், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும். அதற்கு வியர்க்கக் கூடாது.

ரேணுகாவுக்கு நாற்காலி கிடையாது. அவள் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி. அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

வேலை சுலபம். யார் போதைமருந்து எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ராணுவத்துக்கு எல்லோருடைய மூத்திரமும் வேண்டும். பச்சைத் தண்ணீரையோ பக்கத்து ஆளுடையதையோ ஊற்றி ஏமாற்றிவிடாதபடி ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். ரேணுகா பார்ப்பாள். விழுந்து முடிந்ததும் "பார்த்தேன்" என்று உரக்கச் சொல்வாள். சூடான பாட்டிலை வாங்கி, மூடி, சீல் வைப்பாள். சிலர் கைதவறி அவள் விரலில் விட்டுவிடுவார்கள். சிலர் வேண்டுமென்றே.

மேஜருடைய பாட்டில் கடந்து போனால் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். ஆகவே குதிகாலை இன்னும் கொஞ்சம் தூக்குவாள்.

ஊரில் அவள் அப்பா, மகள் மிலிட்டரியில் ஆபீசர் என்று சொல்லி வைத்திருந்தார். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "மேற்பார்வை" என்றார்.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஹவில்தார் தணிகாசலத்திடம் போனாள். பாட்டில்களை அதட்டி வரிசையில் நிறுத்துபவர் அவர்தான்.

"லேடீஸ் டாய்லெட் எங்க சார்?"

"இங்க லேடீஸே கிடையாதேம்மா."

"நான் இருக்கேனே."

"நீ காண்ட்ராக்ட்."

"காண்ட்ராக்டுக்கு ஒண்ணுக்கு வராதா?"

"வரும்னு காண்ட்ராக்ட்ல போடலியே."

ஜன்னலுக்கு வெளியே ஒரு புதர் தெரிந்தது. அதைக் காட்டினாள்.

"அது மேஜரோட செடிம்மா."

"கர்னல் வீட்டு நாய்க்கு டைல்ஸ் போட்டுக் கட்டியிருக்கீங்களே. அங்கயாவது போய்ட்டு வரேன்."

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "அது என்னவிட சீனியர். நான் போய் எப்டிக் கேக்கறது?"

அன்று முகாமுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. கர்னலுக்கு வரவில்லை. அவர் பாட்டில் முதலில் லேபுக்குப் போகும் வேனில் ஏறினால்தான் மற்ற பாட்டில்கள் ஏற முடியும். திங்கட்கிழமை குளியலறைக்குள் போனவர் வியாழக்கிழமை ஆகியும் உள்ளேதான் இருந்தார். வெயிலில் மற்ற பாட்டில்கள் நுரைத்தன. சிப்பாய்களுடையது கறுத்தது. சுபேதாருடைய மூடி தானாகத் தெறித்தது. முகாமே பஸ் ஸ்டாண்ட் சுவர் மாதிரி நாறியது. சாம்பார் வாளியைத் திறந்தாலும் அதே வாடைதான். ரேணுகா சாப்பாட்டைத் தொடவில்லை.

மத்தியானம் மைதானத்தில் படை முழுவதும் அணிவகுத்தது. விசில் ஊதினார்கள். கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்துத் தாய்மார்கள் போடும் சத்தத்தை அத்தனை ஆண்களும் ஒரே குரலில் போட்டார்கள்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

கர்னலுக்கு வரவில்லை. ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தச் சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஆர்டர்ம்மா." தணிகாசலம் அவள் நிற்கும் விதத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "உன்னாண்ட எவ்ளோ இருக்குது?"

"ச்சீ. என்ன கேள்வி சார் இது?"

"கர்னல் பாட்டில்ல போய்டு. அவரு பாத்ரூமையே தரேன். வெஸ்டர்ன்."

"நான் போனா என்னுது. அது எப்டி கர்னலுது ஆவும்?"

"பாட்டில் அவருது. உள்ள வுழுந்தா அவருதுதான். நீ செய்ற வேலை மட்டும் இன்னா, உன் பேர்லயா போவுது?"

அது உண்மை. அதனால்தான் அவளுக்குக் குமட்டியது. ஆனால் குமட்டலுக்கும் கீழே இன்னொன்று முட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

கர்னலின் குளியலறை நடைபாதையின் கோடியில் இருந்தது. அவள் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. கர்னல் பதவிக்கு அந்த நீளம் உண்டு. வழி நெடுக நாற்காலிகளில் பாட்டில்கள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் குதிகாலைத் தூக்கினாள். ஒவ்வொரு தூக்கலுக்கும் பல்லைக் கடித்தாள்.

கதவு திறந்தது. கர்னல் வந்தார். மேலே பதக்கங்கள். கீழே துண்டு. கண்கள் சிவந்திருந்தன.

"என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. சார்."

"ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"ஆமா சார்."

"அப்ப சரி." வழிவிட்டார்.

ஆனால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். "பார்த்தேன்" என்று சொல்லும் அதிகாரம் முகாமில் ரேணுகாவுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே ரேணுகா உள்ளே போய் உட்கார்ந்தாள். ரேணுகா வாசலில் நின்று பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்புடி," என்றாள் உட்கார்ந்தவள்.

நின்றவள் திரும்பவில்லை. திரும்பினால் செல்லாது. இருவரும் ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள்.

பாட்டில் கோடு வரை நிறைந்தது.

"பார்த்தேன்," என்றாள் நின்றவள்.

"அவ்ளோதான், நிறுத்து," என்று தணிகாசலம் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னும் இருக்குது சார்."

"கோட்டுக்கு மேல பர்மிஷன் இல்லம்மா. மிச்சத்த அடக்கிக்க."

ரேணுகா பாட்டிலை ஓரமாக வைத்தாள். நிறுத்தவில்லை.

டாய்லெட் கோப்பை நிறைந்தது. வழிந்தது. கதவுக்கு அடியில் புகுந்து நடைபாதையில் ஓடியது. தரையில் நின்ற பாட்டில்கள் சாய்ந்து மிதந்தன. பிறகு பெஞ்சு. பிறகு ஸ்டூல். மெத்தை போட்ட நாற்காலிகள் கடைசியில் கிளம்பின. வெள்ளம் மைதானத்தை எட்டியபோது முன்வரிசைச் சிப்பாய் ஒருவன் துள்ளி விலகினான்.

"யோவ், அது கர்னலுதுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் திரும்ப அதற்குள்ளேயே குதித்து நின்று சல்யூட் அடித்தான். படை முழுவதும் சல்யூட் அடித்தது. பூட்ஸுக்குள் இறங்கியது. காலுறைகள் ஊறின. கை நெற்றியில் இருந்ததால் யாராலும் மூக்கைப் பிடிக்க முடியவில்லை. கர்னலும் முழங்கால் முழுகத் துண்டோடு விறைத்து நின்றார். வாந்தி வந்தவர்கள் விறைப்பாகவே வாந்தி எடுத்தார்கள்.

"எப்பம்மா முடியும்?" தணிகாசலம் முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"என்னை ஏன் சார் கேக்கறீங்க? அவரைக் கேளுங்க."

தணிகாசலம் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் கர்னல் பக்கம் திரும்பினார்.

கர்னல் யோசித்தார்.

"இன்னும் நேரமாகும்," என்றார். "ரொம்ப நாளா அடக்கி வெச்சது."