லவினியாவின் வசனம்

மகன் செமிசி தன்னிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான் என்று லவினியா அக்கா என்னிடம் சொன்னபோது, நாங்கள் மாங்கரேயில், டோங்காத் தீவுகளிலிருந்து குடியேறிய எங்கள் சபையின் தேவாலயச் சமையலறையில் சேம்பிலை கழுவிக்கொண்டிருந்தோம். ஆதாரம் இருக்கிறதாம். செமிசியின் அலமாரியில் புதுக் கோட்டு தொங்குகிறது. தெருவில் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் போன் பேசுகிறான். எல்லாவற்றுக்கும் மேல், மேசையில் ஒரு கத்தைக் காகிதம்: டோங்காப் பையன், சீனப் பெண், கடைசிப் பக்கத்தில் கல்யாணம்.

"சினிமாக் கதைக்கா அது. படம் எடுக்கிறதுதானே அவன் வேலை," என்றேன்.

"கதையில வர்ற அம்மா என்னை மாதிரியே விசிறியால ஆளுங்களைத் தட்டுறாடி. அம்மா நிஜம்னா பொண்ணும் நிஜம்தானே?"

நான் இலையை உதறிக் கூடையில் போட்டேன்.

இரண்டு வாரம் துப்பறிந்தாள். கோட்டுப் பைகளைத் துழாவினாள்; மோதிரம் இல்லை. தேவாலய மண்டபத்தை யாராவது கேட்டார்களா என்று போதகரின் மனைவியிடம் விசாரித்தாள். செமிசி கேட்டிருந்தான், படப்பிடிப்புக்கு. படப்பிடிப்பாம், என்று உதட்டைச் சுழித்தாள். கடைசியில் அவனே வந்து, அம்மா வேடக்காரிக்கு டோங்கா மொழி வாயில் நுழையவில்லை, நீயே நடித்துக் கொடு என்றான். உள்ளேயிருந்தே வேவு பார்க்கலாமென்று ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் வீட்டிலேயே விருந்துக் காட்சி. பாட்டுக்குழுப் பெண்களான நாங்கள்தான் உறவினர்கள். மகனாக நடித்த பையனையும் காதலியாக நடித்த பெண்ணையும் அக்கா கண்கொட்டாமல் பார்த்தாள். செமிசி அந்தப் பெண்ணிடம் நின்று பேசியதுகூட இல்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

வசனம் ஒன்றுதான். முந்தின நாள்தான் புதிதாக எழுதிக் கையில் கொடுத்திருந்தான். கேமரா ஓடியது.

"நல்ல பொண்ணுதாம்மா நீ. எப்போ உங்க நாட்டுக்குத் திரும்பிப் போறே?"

எல்லோரும் சிரித்தார்கள். எழுதியிருந்தபடி படத்து மகன் எழுந்து அம்மாவைத் தட்டிக்கேட்டான். ஆனால் அக்காவின் விசிறி அப்படியே நின்றுவிட்டது. அவள் செமிசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை நான் சொல்லியிருக்கேன். இதே மேசையில. உன்கூடப் படிச்ச பொண்ணுன்னு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தியே."

"கிறிஸ்டன்," என்றான் செமிசி. "சீனாவுலேர்ந்து வந்த கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து அவங்க குடும்பம் இங்க புகிகோஹேல உருளைக்கிழங்கு போடறாங்க. நீ இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷம்தான் ஆகுதும்மா."

காதலித்த அவர்கள் இருவரும் பிரிந்து இரண்டு வருடமாகிவிட்டது. அக்கா கண்டுபிடிக்க அலைந்த கல்யாணம் எங்குமே இல்லை. கோட்டு கதாநாயகனுடையது. போனில் பேசியது ஒளிப்பதிவாளரிடம்.

அக்கா விசிறியை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "படத்துல பையன் எழுந்து கேக்கறான். அன்னைக்கு நீ என்ன பண்ணினே?"

செமிசி தரையைப் பார்த்தான். "நானும் சிரிச்சேன்."

"அப்போ அதை எடு."

திரும்ப எடுத்தார்கள். இந்த முறை படத்து மகன் சிரித்தான், அந்தப் பெண் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

படத்தை எங்கள் மண்டபத்தில் முதன்முதலாகத் திரையிட்டபோது கிறிஸ்டனும் வந்தாள். முடிந்ததும் செமிசியிடம், அந்தச் சிரிப்பைச் சரியாக வைத்திருக்கிறாய், கடைசிக் கல்யாணம்தான் பொய் என்றாள். அக்கா குறுக்கே போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, தன் வாய் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டாள். கிறிஸ்டன் அந்தக் கைகளை உதறவில்லை. "பரவாயில்லைன்னு சொல்ல எனக்கு வரலைங்க. ஆனா நீங்க கேட்டது நல்லாருக்கு," என்றாள்.

அவள் போனபிறகு அக்கா ஆசையோடு என் பக்கம் சாய்ந்தாள்.

"அவகூட ஒருத்தன் வந்தானே, தம்பியா இருக்குமோ?"

அவன் கிறிஸ்டனின் கணவன். அது செமிசிக்கு முன்பே தெரியும். அன்று மண்டபத்து நாற்காலிகளையெல்லாம் செமிசி தனியாகவே மடக்கி அடுக்கினான். உதவப் போன என்னை வேண்டாம் என்றுவிட்டான்.